மிஞ்சிய ஹாப்ஸும் கிட் பீரும்

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூங்கூம்பான ஹாப்ஸ், கடையில் பெரும்பாலும் 50 கிராம் அல்லது 100 கிராம் பொட்டலமாகவே கிடைக்கிறது. செய்முறைகளோ 30 கிராம், 65 கிராம் என்று கேட்கும். வீட்டில் பீர் தயாரிக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே உறைபெட்டியின் மூலையில் வாய் மடித்த பொட்டலங்கள் சேர்ந்துவிடுவது இதனால்தான். கேஸ்கேட் வகை கொஞ்சம், கோல்டிங்ஸ் வகை கொஞ்சம், பெயர் அழிந்த இன்னொன்று கொஞ்சம். விலை கொடுத்து வாங்கிய பொருளைக் குப்பையில் போட மனம் வராது. அவற்றை வைத்துப் புதிதாக ஒரு செய்முறையை முதலிலிருந்து கட்டவும் அளவு போதாது.

இந்த மிச்சங்களுக்கு மிகப் பொருத்தமான இடம் கிட் பீர். மால்ட் சாறு டப்பாவைத் திறந்து, வெந்நீரில் கரைத்து, ஈஸ்ட் தூவி மூடிவைக்கிற அந்த எளிய பீருக்கு 20 கிராம் நல்ல ஹாப்ஸ் செய்கிற மாற்றம், பெரிய பாத்திரம் வைத்து அரைநாள் கொதிக்கவைக்கிற பீருக்கு 100 கிராம் செய்கிற மாற்றத்தைவிடப் பெரிது. எதை, எப்போது, எந்தச் சூட்டில் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவையில்லை என்றானது 1963இல். அமெரிக்காவில் அதற்கான கூட்டாட்சிச் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978இல். இந்நாடுகளில் சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்யலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆகவே சட்டம் அனுமதிக்கிற லண்டனிலும் மெல்போர்னிலும் சமையலறை வைத்திருக்கிற வாசகர்களை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

டப்பாவுக்குள் ஏற்கெனவே இருப்பது

1862இல் அடிலெய்டில் தொடங்கிய கூப்பர்ஸ் நிறுவனத்தின் 1.7 கிலோ டப்பாவை எடுத்துக்கொள்வோம். கிட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இதுதான். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலிருந்து வருகிற மன்டன்ஸ் டப்பாக்களுக்கும் கீழே சொல்வது பொருந்தும். உள்ளே இருப்பது முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாறு. அதில் கசப்புக்கான ஹாப்ஸ் முன்பே சேர்க்கப்பட்டிருக்கிறது. பிறகு நீரை ஆவியாக்கி, தேன்பாகு பதத்துக்குச் சுண்டவைத்து அடைக்கிறார்கள். 23 லிட்டருக்கு நீர் ஊற்றிக் கரைத்தால் கசப்பு கச்சிதமாக இருக்கும்படி கணக்குப் பண்ணித்தான் தயாரிக்கிறார்கள்.

சுண்டவைக்கும்போது கசப்பு எங்கும் போவதில்லை, மணம் போய்விடுகிறது. கிட் பீரைக் குடித்தவர்கள் ‘ஏதோ குறைகிறது’ என்பார்கள். குறைவது மணம். கையில் ஹாப்ஸ் மிஞ்சியிருக்கிறது என்றதும் அதை டப்பாச் சாற்றோடு சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவது, ஏற்கெனவே இருப்பதையே இன்னும் அதிகமாக்குகிற வேலை. நாக்கு கசக்கும், மூக்குக்கு ஒன்றும் கிடைக்காது. டப்பாச் சாற்றைக் கொதிக்கவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தொழிற்சாலையில் கொதித்து வந்ததை மறுபடி கொதிக்கவிட்டால் நிறம் கறுக்கும், ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்ச மணமும் ஆவியோடு போகும்.

ஹாப்ஸ் பூங்கூம்பைப் பிரித்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். அதன் பெயர் லுபுலின். கசப்பும் மணமும் அந்தப் பொடியில்தான் சேர்ந்து கிடக்கின்றன, ஆனால் இரண்டும் இரு வேறு சரக்குகள். கசப்பைத் தருவது ஆல்ஃபா அமிலம். அது அப்படியே நீரில் நன்றாகக் கரையாது. கொதிநிலையில் நேரம் கழியக் கழிய வடிவம் மாறி, ஐசோ ஆல்ஃபா அமிலமாகி, அதன் பிறகே கரைந்து கசக்கும். மணத்தைத் தருவன மிர்சீன், ஹியூமுலீன், லினலூல் போன்ற எண்ணெய்ப் பொருள்கள். இவை ஆவியோடு ஓடுபவை. ரசத்தை இறக்கும்போதுதானே கொத்தமல்லித்தழையைக் கிள்ளிப் போடுகிறோம், அதே நியாயம்தான் இங்கேயும்.

கசப்புக் கணக்கு

கசப்பை ஐபியூ என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு லிட்டர் பீரில் ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் இருந்தால் ஏறத்தாழ ஓர் ஐபியூ. கூப்பர்ஸ் போன்ற சில தயாரிப்பாளர்கள் டப்பாவிலுள்ள கெட்டிச் சாற்றின் கசப்பு எண்ணை வெளியிடுகிறார்கள். அதை டப்பாவின் எடையால் பெருக்கி, கடைசியில் வரப்போகிற லிட்டரால் வகுத்தால் உங்கள் பீரின் கசப்பு கிடைக்கும். எண் 340 என்றிருந்தால், 1.7ஆல் பெருக்கி 23ஆல் வகுக்க 25 வரும். வெளிர் ஏல் வகைக்கு இது போதுமான கசப்பு.

இதன்மேல் மிச்ச ஹாப்ஸ் எவ்வளவு ஏற்றும் என்பதற்கும் கணக்கு உண்டு. க்ளென் டின்செத் என்பவர் தந்த சூத்திரத்தை உலகெங்கும் வீட்டுத் தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். 1.040 அடர்த்தியுள்ள மால்ட் நீரில் 60 நிமிடம் கொதித்தால் ஆல்ஃபா அமிலத்தில் ஏறக்குறைய 25 விழுக்காடு கசப்பாக மாறும், 15 நிமிடத்தில் 12.5 விழுக்காடு, 5 நிமிடத்தில் வெறும் 5 விழுக்காடு. உங்களிடம் 20 கிராம் கேஸ்கேட் இருக்கிறது, ஆல்ஃபா 6 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1200 மில்லிகிராம் ஆல்ஃபா அமிலம் இருக்கிறது. 15 நிமிடம் கொதித்தால் 150 மில்லிகிராம் கரையும். 23 லிட்டருக்கு அது ஆறரை ஐபியூ. பயப்பட ஒன்றுமில்லை.

அதுவே 40 கிராம் சிட்ரா, ஆல்ஃபா 12 விழுக்காடு, அரைமணி நேரக் கொதி என்றால் கணக்கு 40 ஐபியூ என்கிறது. சிறிய பாத்திரத்தில் அவ்வளவும் கரையாது என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். ஆனாலும் 25இன் மேல் ஏறும் அந்தச் சுமையைக் கிட் பீரின் மெல்லிய உடல் தாங்காது. பெரும்பாலான கிட்களில் ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கச் சொல்கிறார்கள். சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்துவிடும், கசப்புக்கு எதிர்நிற்க இனிப்பு எதையும் விட்டுவைக்காது. அதனால் என் விதி இது: மிச்ச ஹாப்ஸால் கிட் பீருக்கு ஏறும் கசப்பு 8 ஐபியூவைத் தாண்ட வேண்டாம். மணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுங்கள்.

முகர்ந்து பாருங்கள்

பொட்டலத்தில் அச்சிட்ட தேதியைவிட உங்கள் மூக்கு நம்பகமானது. இரண்டு மூன்று பெல்லட்டுகளை (ஹாப்ஸைப் பொடித்து அழுத்திய சிறு துண்டுகள்) உள்ளங்கையில் போட்டு, சூடு பிறக்கும்வரை தேய்த்து முகருங்கள். நல்ல ஹாப்ஸ் என்றால் அதன் வகைக்குரிய மணம் பளிச்சென்று எழும். கேஸ்கேட்டில் பப்ளிமாஸ் தோல், சிட்ராவில் எலுமிச்சையும் மாம்பழமும், சாட்ஸில் மூலிகை, கோல்டிங்ஸில் பூவும் மண்ணும் கலந்த மணம். பச்சை நிறம் மங்கி மணம் குறைந்திருந்தால் அளவைக் கூட்டிப் பயன்படுத்தலாம். சீஸ் வாடையோ வேர்வை ஊறிய காலுறையின் வாடையோ வந்தால் தூர எறியுங்கள். ஆல்ஃபா அமிலம் காற்றுப்பட்டுச் சிதையும்போது உண்டாகும் ஐசோவலெரிக் அமிலத்தின் வாடை அது. பீரில் போட்டால் போகாது.

எல்லா வகையும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. கேஸ்கேட்டைச் சாதாரண அறைச் சூட்டில் ஆறு மாதம் வைத்தால் ஆல்ஃபா அமிலத்தில் பாதி போய்விடும். அதே சூட்டில் அதே காலத்துக்கு மேக்னம் வகை ஐந்தில் நான்கு பங்கைக் காப்பாற்றிக்கொள்ளும். எனவே ‘ஹாப்ஸ் ஒரு வருடம் தாங்கும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நம்ப வேண்டாம். எந்த வகை, எந்த வருட அறுவடை, பொட்டலம் எப்போது திறந்தது என்ற மூன்றும் தெரிய வேண்டும். வட அரைக்கோளத்தில் அறுவடை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் நடக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஹாப்ஸுக்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஏப்ரலில் மெல்போர்ன் கடையில் வாங்குகிற அமெரிக்க ஹாப்ஸ் ஏற்கெனவே அரை வருடம் பழையது என்பதை இப்படித்தான் கணிக்க வேண்டும்.

பழைய ஹாப்ஸை வேண்டுமென்றே தேடுகிறவர்களும் உண்டு. பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள லாம்பிக் பீர்க்காரர்கள் ஹாப்ஸை ஆண்டுக்கணக்கில் பழையதாக்கியே போடுகிறார்கள். அவர்களுக்குக் கசப்பும் வேண்டாம், மணமும் வேண்டாம், பாக்டீரியாவை அடக்கிவைக்கிற குணம் மட்டும் போதும். அந்த பீர் ஓரிரு வருடம் மரப் பீப்பாயில் ஊறுகிறது. மூன்று வாரத்தில் பாட்டிலாகிற நம் பீருக்கு அந்த வழி ஒத்துவராது.

எந்த டப்பாவுக்கு எந்த ஹாப்ஸ்

மலிவான சாதாரண லாகர் டப்பா, வெளிர் ஏல் டப்பா இரண்டும்தான் மிச்ச ஹாப்ஸுக்கு மிக நல்லவை. அவற்றில் பெரிய சுவை எதுவும் குறுக்கே நிற்காது. கேஸ்கேட், சென்டெனியல், அமரில்லோ, சிட்ரா, ஆஸ்திரேலியாவின் கேலக்ஸி என்று பழ மணம் கொண்ட எதையும் சேர்க்கலாம், ஒன்றோடொன்று கலக்கவும் செய்யலாம். இங்கிலீஷ் பிட்டர் டப்பாவுக்கு ஃபகிள், கோல்டிங்ஸ், சேலஞ்சர். இந்த இங்கிலீஷ் ஹாப்ஸ் வகைகளுக்குப் பதில் கேலக்ஸியைப் போட்டால் தவறில்லை, ஆனால் டப்பாவின் மேல் எழுதியிருக்கிற பீர் கிடைக்காது. பில்ஸ்னர் டப்பாவுக்கு சாட்ஸ், ஹாலர்டாவ், டெட்னாங் ஆகியவற்றில் 15 கிராமுக்கு மேல் வேண்டாம். ஸ்டவுட் டப்பாவை விட்டுவிடுங்கள். வறுத்த பார்லியின் காப்பி மணத்தோடு எலுமிச்சை மணம் சண்டை போடும்.

கொதி அடங்கியபின் ஊறவைப்பது

மிச்ச ஹாப்ஸைப் பயன்படுத்த இரண்டே வழிகளை நான் பரிந்துரைக்கிறேன். முதலாவது, பீர் கலக்கும் நாளிலேயே செய்வது.

இரண்டு லிட்டர் நீரில் 200 கிராம் உலர் மால்ட் பொடியைக் கரைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவையுங்கள். பொங்கி வழியும், பெரிய பாத்திரமாக எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள். இந்த 200 கிராமுக்கு ஈடாகக் கிட் கேட்கும் சர்க்கரையில் 200 கிராமைக் குறைத்துவிடுங்கள். பீரின் உடல் சற்றுத் திடமாகும். மால்ட் எதற்கு, வெறும் நீரே போதாதா என்று கேட்கலாம். குழாய் நீரின் அமிலத்தன்மை குறைவு. அதில் ஹாப்ஸைச் சூடாக ஊறவைத்தால் இலையிலிருந்து துவர்ப்பு இறங்கும், கசப்பும் முரட்டுத்தனமாக இருக்கும். மால்ட் நீர் இயல்பாகவே சற்றுப் புளிப்பானது, துவர்ப்பைத் தடுக்கும்.

அடுப்பை அணைத்து, வெப்பமானி 80 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்வரை காத்திருங்கள். அதற்குக் கீழே ஆல்ஃபா அமிலம் கசப்பாக மாறும் வேகம் வெகுவாகத் தளர்ந்துவிடும், எண்ணெய்களும் ஓடிப்போகாமல் நீரில் தங்கும். இப்போது 15 முதல் 30 கிராம் ஹாப்ஸைப் போட்டு, மூடி, 20 நிமிடம் விடுங்கள். கிருமி நீக்கிய சல்லடையில் வடிகட்டி நொதிக்கலனில் ஊற்றி, அந்தச் சூட்டிலேயே டப்பாச் சாற்றையும் சர்க்கரையையும் கரைத்துவிடுங்கள். பிறகு குளிர்நீர் விட்டு 23 லிட்டராக்கி, 20 டிகிரிக்குக் கீழே வந்ததும் ஈஸ்ட் தூவலாம். டப்பாவை வெந்நீரில் கரைப்பது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். ஹாப்ஸ் ஊறிய நீரால் அதைக் கரைக்கிறோம், கூடுதலாக முக்கால் மணி நேரம் செலவாகிறது.

இவ்வழியில் கிடைக்கும் மணத்தில் ஒரு பங்கு நொதிப்பின்போது எழும் கரியமில வாயுவோடு வெளியேறும். வீட்டில் மணக்கிற அளவும் பீரிலிருந்து போன மணம்தான். ஆனால் வேறொரு நன்மை உண்டு. ஹாப்ஸிலுள்ள ஜெரனியால் என்ற ரோஜா மணப்பொருளை ஈஸ்ட் சிட்ரோனெல்லாலாக மாற்றுகிறது, அதில் எலுமிச்சைச் சாயல் வருகிறது. பொட்டலத்தில் இல்லாத மணம் பீரில் வருவது இதனால்தான்.

நொதித்தபின் போடுவது

இரண்டாவது வழி ட்ரை ஹாப்பிங். நொதிப்பு அடங்குகிற தருணத்தில் ஹாப்ஸைக் கொதிக்கவைக்காமல் அப்படியே பீரில் போடுவது. கிட் பீரை ஒரேயடியாக உயர்த்துவது இதுதான். ஒரு வழிக்கு மட்டுமே ஹாப்ஸ் இருந்தால் இதற்கே வைத்துக்கொள்ளுங்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய வெளிர் ஏல் பீப்பாய்களிலும் இப்படித்தான் காய்ந்த ஹாப்ஸைப் போட்டு அடைத்தார்கள்.

23 லிட்டருக்கு 25 முதல் 50 கிராம். மேலே எழுந்த நுரை படிந்து, ஹைட்ரோமீட்டர் 1.012 அல்லது அதற்கும் கீழே காட்டும்போது மூடியைத் திறந்து, சட்டென்று போட்டு, உடனே மூடுங்கள். இதற்குமேல் பீருக்குக் காற்று பகை, திறந்துவைத்து வேடிக்கை பார்க்கக் கூடாது. பெல்லட் விழுந்ததும் பீரில் கரைந்திருக்கும் வாயு குபீரென்று நுரைத்து எழும். கலனில் மேலே இரண்டு மூன்று லிட்டர் இடம் இல்லையென்றால் தரையில் வழியும், ஆகவே பாதியைப் போட்டு, நுரை அடங்கியபின் மீதியைப் போடுங்கள்.

மூன்று அல்லது நான்கு நாள் போதும். வேண்டிய எண்ணெய்கள் முதல் இரண்டு நாளிலேயே இறங்கிவிடும். பத்து நாள், இரண்டு வாரம் என்று விட்டுவைத்தால் பச்சைப் புல் வாடை ஏறும். ஹாப்ஸிலிருந்து கிருமி தொற்றிவிடுமோ என்ற கவலை வேண்டாம். பீரைப் புளிக்கவைக்கும் லாக்டோபாசில்லஸ் வகை பாக்டீரியாக்களை ஹாப்ஸ் அடக்கும். அந்நேரம் பீரில் சாராயமும் இருக்கிறது, அமிலத்தன்மையும் கூடியிருக்கிறது. கிருமி வருவது பையிலிருந்தும் கையிலிருந்தும்தான்.

பை கட்டுவதா, சும்மா தூவுவதா? பெல்லட் என்றால் தூவிவிடுவதே மேல். பையில் கட்டிய ஹாப்ஸ் நடுவில் உலர்ந்துபோய்ப் பாதி மணத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் கலனில் அடிக்குழாய் இருந்தால், கரைந்த பெல்லட் அதில் அடைத்துக்கொள்ளும் என்பதால் பை தேவைப்படலாம். மஸ்லின் துணிப் பையைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் நிரப்பி, மிதக்காமலிருக்க எவர்சில்வர் கரண்டி ஒன்றைக் கொதிநீரில் முக்கியெடுத்து உள்ளே போட்டுக் கட்டுங்கள். முழுப்பூவாக வந்த ஹாப்ஸுக்குப் பை கட்டாயம். குளிர்பெட்டியில் கலன் நுழையுமென்றால், பாட்டிலில் அடைப்பதற்கு முன் ஒன்றிரண்டு நாள் குளிர வைத்தால் தூசி முழுவதும் அடியில் படியும்.

பாட்டில் அடைக்குமுன் இதைப் படியுங்கள்

ட்ரை ஹாப்பிங் செய்த பீரில், அடங்கிப்போன நொதிப்பு மறுபடி கிளம்பும். ஹாப்ஸில் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் கொஞ்சம் இருக்கின்றன. ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் பீரில் மிஞ்சிய டெக்ஸ்ட்ரின்களை அவை உடைத்துக்கொடுக்க, ஈஸ்ட் மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும். ஆய்வாளர்கள் ஹொரேஸ் பிரவுனும் ஹாரிஸ் மாரிஸும் 1893இலேயே இதை எழுதிவைத்தார்கள். நெடுங்காலம் மறந்துகிடந்த இந்த விஷயம், கிலோக்கணக்கில் ஹாப்ஸ் போடும் இன்றைய பீர்களால் மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது.

25 கிராமுக்கு இது சிறிய அளவில்தான் நடக்கும். என்றாலும் பாட்டிலுக்குள் நடந்தால் ஆபத்து. அடைக்கும்போது நாமே லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரை சேர்க்கிறோம். அதன்மேல் ஹாப்ஸ் உடைத்துக்கொடுத்த சர்க்கரையும் சேர்ந்தால் அழுத்தம் எகிறி பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு முகத்தில் தெறிக்கும் விபத்து அது. ஹாப்ஸ் போடுவதற்கு முன் எடுத்த அளவை நம்பி ஒருபோதும் அடைக்காதீர்கள். போட்டு மூன்று நாள் கழித்து ஒன்று, அடுத்த இரண்டு நாளும் ஒவ்வொன்று என்று அளவெடுங்கள். எண் அசையாமல் நின்றால் மட்டுமே அடைக்க வேண்டும். அசைந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். 

அடைப்பதற்குப் பழுப்பு நிற பாட்டிலே வேண்டும். ஐசோ ஆல்ஃபா அமிலத்தில் வெளிச்சம் பட்டால் கந்தகச் சேர்மம் ஒன்று பிறந்து பீர் நாறும். பச்சைப் பாட்டிலும் நிறமற்ற பாட்டிலும் இதைத் தடுப்பதில்லை. ஹாப்ஸ் மணத்துக்காகப் பாடுபட்ட பீரை ஜன்னலோரம் வைத்துக் கெடுக்க வேண்டாம். இன்னொன்று, ஹாப்ஸ் மணம் நாள்பட நிற்காது. பாட்டிலில் இரண்டு வாரம் வாயு ஏறியதும் குடிக்கத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

துணுக்குகள்

10 கிராம் இது, 12 கிராம் அது என்று கிடப்பவற்றை என்ன செய்வது? ஒரே குடும்பத்து மணங்களை ஒன்றாகச் சேருங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, மாம்பழச் சாயல் கொண்ட அமெரிக்க, ஆஸ்திரேலிய ஹாப்ஸெல்லாம் ஒன்றாக ட்ரை ஹாப்பிங்குக்குப் போகலாம். ஃபகிளும் கோல்டிங்ஸும் சேர்ந்து பிட்டர் டப்பாவுக்கு. பெயர் தெரியாததை, முகர்ந்து பிடித்தால் மட்டும், 80 டிகிரியில் ஊறவைக்கும் வழியில் தீர்த்துவிடுங்கள். நொதிப்பில் அதன் முனை மழுங்கும்.

மேக்னம் போன்ற கசப்புக்கான ஹாப்ஸ் மிஞ்சியிருந்தால் அதைக் கிட்டில் போடாதீர்கள். அதிக ஆல்ஃபாவும் குறைந்த மணமும் கொண்ட அது, அடுத்த முறை ஹாப்ஸ் சேர்க்காத மால்ட் சாற்றில் தொடங்கி பீர் செய்யும்போது முழுப் பயன் தரும். நன்றாகத் தாங்குகிற வகை என்பதால் காத்திருப்பதில் நட்டமில்லை.

வீட்டில் மது அருந்தாதவர்களுக்கும் இந்தத் துணுக்குகளில் பங்கு உண்டு. ஒரு லிட்டர் நீரில் எலுமிச்சைச் சாறு பிழிந்து நன்றாகப் புளிப்பாக்கி, 75 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு கிராம் சிட்ராவோ கேஸ்கேட்டோ போட்டுப் பத்து நிமிடம் கழித்து வடிகட்டிக் குளிரவையுங்கள். சோடா கலந்து கொடுத்தால் பழ மணத்தோடு இதமான கசப்புப் பானம் கிடைக்கும். எலுமிச்சையைத் தவிர்க்காதீர்கள், புளிப்பு இல்லாவிட்டால் துவர்க்கும்.

எடுத்து வைப்பது

பொட்டலத்தைத் திறந்த அன்றே மீதியைப் பிரித்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ரப்பர் வளையம் போட்டு வைத்த பொட்டலம்தான் சீஸ் வாடை வீசுகிறது. ஹாப்ஸின் எதிரிகள் காற்று, சூடு, வெளிச்சம். சூடு 15 டிகிரி குறையும்போதெல்லாம் கெடும் வேகம் பாதியாகக் குறைகிறது என்பது ஹாப்ஸைப் பற்றி எழுதிய மார்க் கேரெட்ஸ் பயன்படுத்திய கணக்கு. அதன்படி 20 டிகிரி அறையைவிட மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் கெடும் வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் பை காற்றைத் தடுக்காது. பாலித்தீன் வழியே ஆக்ஸிஜன் மெல்ல உள்ளே வரும், மணம் வெளியே போகும். உறைபெட்டியில் மீனும் துருவிய தேங்காயும் இருக்கிற நம் வீடுகளில் இரு பக்கத்துக்கும் இது நல்லதல்ல. காற்றை உறிஞ்சி ஒட்டும் இயந்திரம் இருந்தால் அதற்குரிய தடித்த பையில் 25 கிராமாகப் பிரித்து ஒட்டுங்கள். இயந்திரம் இல்லையென்றால், வந்த அலுமினியப் பொட்டலத்திலேயே காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றி, வாயை மடித்து ஒட்டி, ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடிக்குள் வையுங்கள். வகைப் பெயர், ஆல்ஃபா விழுக்காடு, அறுவடை வருடம், திறந்த தேதி, மீதிக் கிராம் ஆகிய ஐந்தையும் அழியாத மையில் எழுதுங்கள். வெளியே எடுக்கும்போது, அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். குளிர்ந்த பெல்லட்டில் காற்றின் ஈரம் படிந்தால் மீதியும் கெடும். இப்படி வைத்தால் கேஸ்கேட்டே ஒரு வருடம் தாராளமாக வரும்.

சக்கை

வடிகட்டிய பின்னும், பீர் இறக்கிய பின்னும் அடியில் ஹாப்ஸ் சக்கை நிற்கும். தோட்டத்து எருக்குழிக்கு அது நல்ல சத்து. ஆனால் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நாய் இருந்தால் எருக்குழியில் போடவே கூடாது. ஹாப்ஸ் தின்ற நாய்க்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். மூச்சிரைப்பும் வலிப்பும் வரும், சில மணி நேரத்தில் உயிரே போகலாம். புது ஹாப்ஸ் மட்டுமல்ல, கொதித்துப் பிழிந்த சக்கையும் இதைச் செய்யும். மால்ட்டின் இனிப்பு ஊறியிருப்பதால் நாய்கள் அதைத் தேடிவந்து தின்னும். சக்கையைப் பையில் இறுகக் கட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். நாய் தின்றுவிட்டதென்று தெரிந்தால் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.